25 குதிரைத்திறன் காம்பாக்ட் டிராக்டருக்கு ஸ்னோ ப்ளோயர்: முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

#1 சரளைப்பாதை

வணக்கம். டிராக்டரில் மாட்டிப் பனியை அள்ளித் தூர எறிகிற ஸ்னோ ப்ளோயர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன குளிர்காலம் முழுக்க டிராக்டர் முன்னால் தூக்கி இறக்குகிற லோடர் பக்கெட்டை வைத்தே ஓட்டினேன். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. அள்ளி ஓரத்தில் கொட்டினால் வேலை முடிந்தது. அப்புறம் ஓரத்தில் இடம் தீர்ந்துபோனது. இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குப் பனிச்சுவர் எழும்பி, மூன்றரை மீட்டர் பாதை ஒரு கார் உரசிக்கொண்டு போகிற சந்தாகிவிட்டது. கொட்டிய பனி கல்லாக இறுகியதால் அதைப் பின்னுக்குத் தள்ளவும் வழியில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய ஒரு காலையில் பாதையைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. அது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

என்னிடம் இருப்பது 25 குதிரைத்திறன் டிராக்டர். பி.டி.ஓ.வில், அதாவது மாட்டுகிற கருவிக்கு என்ஜின் சக்தியைக் கொடுக்கும் சுழல் தண்டில், 19 குதிரைத்திறன் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ., வயிற்றுக்கடியில் 2000 சுற்று பி.டி.ஓ., இரண்டும் உண்டு. ஹைட்ரோஸ்டேட்டிக் கியர், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் ஓடும், வேகம் மிதிப்பலகையில். முன்னால் லோடர். கேபின் கிடையாது. பின் டயரின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்தால் 138 சென்டிமீட்டர். பாதை 180 மீட்டர், முழுக்கச் சரளை, கடைசி 40 மீட்டர் சாலையை நோக்கிச் சரிவு. சாலையைத் துப்புரவு செய்கிற வண்டி போகிற போக்கில் என் பாதை முகப்பில் ஒரு பனி வரப்பைப் போட்டுவிட்டுப் போகும்.

முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா? 183 சென்டிமீட்டர் அகலம் எடுத்தால் இரண்டே நடையில் பாதை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அது சரியா?

#2 இரும்புக்கை

பின்னால் மாட்டுங்கள். டிராக்டரின் பின்பக்கத்து மூன்று கை இணைப்பான த்ரீ பாயிண்டில் கோர்த்து, பி.டி.ஓ. ஷாஃப்டை நுழைத்தால் கதை முடிந்தது. லோடரைக் கழற்ற வேண்டாம். ப்ளோயரின் எடை பின் அச்சின் மேலேயே உட்காருவதால் பிடிமானமும் கூடும். பதினோரு குளிர்காலமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

183 வேண்டாம். காரணத்தை இங்கே கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

#3 வடதிசை

இரும்புக்கை அண்ணனுக்கு மறுப்பாக இதை எழுதவில்லை. ஆனால் 180 மீட்டரையும் திரும்பிப் பார்த்தபடியே பின்னோக்கி ஓட்டுவது என்றால் என்ன என்று சரளைப்பாதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஆறு வருடம் பின் ப்ளோயர் வைத்திருந்தேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை இருக்கையின் முதுகில், கழுத்து வலப்பக்கம் முழுக்கத் திரும்பி. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கினால் தலை நேராக நிற்காது. இருபது வயதில் அது ஒன்றும் தெரியாது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பின் கேமரா வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் லென்ஸ் மேல் பனி படிந்துவிடும். பக்கத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி மாட்டியது கொஞ்சம் உதவியது.

முன் ப்ளோயருக்கு மாறிய பிறகு வேலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. போகிற திசையைப் பார்த்துப் போகிறேன். டயர் ஏறி மிதிப்பதற்கு முன்பே பனி காலியாகிவிடுகிறது. வாசல் ஓரம், கொட்டகை மூலை எல்லாவற்றையும் ஒட்டிப் போக முடிகிறது.

அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்லிவிடுகிறேன். லோடர் கழன்றாக வேண்டும். வயிற்றுக்கடியில் ஒரு சட்டம், அதற்குள் வயிற்று பி.டி.ஓ.விலிருந்து முன்பக்கம் போகிற ஷாஃப்ட். புல் வெட்டும் டெக் இருந்தால் அதுவும் இறங்க வேண்டும். அந்தச் சட்டம் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், வேறு மாடலின் சட்டம் பொருந்தாது. பின்னால் எடை கட்டாமல் ஓட்டவே முடியாது. முன்னால் அத்தனை கிலோ தொங்கும்போது பின் டயர் சும்மா சுற்றும். பொருளும் பின் ப்ளோயரை விட நல்ல விலை கூடுதல்.

#4 பொறிஞன்

முன்னா, பின்னா என்பதற்கு முன் அகலத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது அங்கேதான்.

என்ஜின் 25 குதிரைத்திறன் என்பதை மறந்துவிடுங்கள். ப்ளோயருக்குப் போய்ச் சேர்வது 19. அதாவது சுமார் 14 கிலோவாட். எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

152 சென்டிமீட்டர் ப்ளோயர், 30 சென்டிமீட்டர் பனி, மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குக் கால் கன மீட்டர் பனி உள்ளே வருகிறது. புதிதாக விழுந்த பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று எடுத்தால், நொடிக்கு 25 கிலோ. மணிக்கு 90 டன்! மெதுவாக நடக்கிற வேகத்தில் ஒரு சின்ன டிராக்டர் இதைச் செய்கிறது.

இப்போது அதை எறிய வேண்டும். விசிறியின் விட்டம் 50 சென்டிமீட்டர், சுற்று 540 என்றால் அதன் நுனி நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகிறது. நின்றிருக்கும் பனியை அந்த வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.5 கிலோவாட். அதே அளவு மோதலிலும் உரசலிலும் வீணாகும். ஆக 5 கிலோவாட். பொடிப்பனிக்கு உங்கள் 14 தாராளம்.

ஈரப்பனி வேறு விஷயம். கன மீட்டருக்கு 400 கிலோ வரும். மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணையும் நான்கால் பெருக்குங்கள்: 20 கிலோவாட் வேண்டும், உங்களிடம் 14 தான் இருக்கிறது. என்ஜின் திணறும். வேகத்தை மணிக்கு 1 கிலோமீட்டராகக் குறைத்தால் 10 கிலோவாட், ஓடிவிடும்.

அதே ஈரப்பனியில் 183 வைத்திருந்தால்? இன்னும் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் வெளியேறுகிற பனியைத் தீர்மானிப்பது 14 கிலோவாட். அகலம் அதை ஒரு கிலோ கூட ஏற்றாது. பாதி அகலத்தை மட்டும் கடித்துக்கொண்டு நான்கு நடை போவீர்கள், அகலத்துக்காக வாங்கிய கூடுதல் இரும்பைச் சும்மா சுமந்தபடி. பொடிப்பனி நாளில் மட்டும் அகலம் நேரத்தை மிச்சப்படுத்தும். அம்மாவை அவசரமாக அழைத்துப்போக வேண்டிய நாள் பொடிப்பனி நாளாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

டயர் அகலத்தை விடக் குறைந்தும் போகக் கூடாது. 127 சென்டிமீட்டர் மாடல்களும் விற்கிறார்கள். உங்கள் டயர் 138, இரண்டு பக்கமும் வெட்டாத பனி மேல் டயர் ஏறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு 152 தான்.

இன்னொன்று. த்ரீ பாயிண்டின் தூக்கும் திறன் என்று கையேட்டில் இரண்டு எண் இருக்கும். இணைப்பு உருண்டையில் அளந்தது ஒன்று, அதிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தது இன்னொன்று. பார்க்க வேண்டியது இரண்டாவது. இந்த அளவு ப்ளோயர்கள் பல 250 கிலோவுக்கு மேல் இருக்கும், எடையும் பின்தள்ளியே இருக்கும்.

#5 சரளைப்பாதை

பொறிஞன் ஐயா, இதை மூன்று தடவை படித்தேன். இரண்டு நடை என்ற என் கணக்கு பாதையின் அகலத்தை மட்டும் பார்த்தது, பனியின் எடையைப் பார்க்கவே இல்லை. 183 போயிற்று.

ஒரு சந்தேகம். ஈரப்பனியில் என்ஜின் திணறினால் ஆக்சிலரேட்டரைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாமா?

#6 பொறிஞன்

கூடவே கூடாது. என்ஜினை பி.டி.ஓ. 540 வரும் சுற்றிலேயே நிறுத்திவிட்டு, மிதிப்பலகையை மட்டும் குறையுங்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் கியரின் அருமை இங்கேதான். என்ஜின் முழு வேகத்தில் ஓட, சக்கரம் ஊர்ந்து போகும். கியர் வண்டியில் இது அவ்வளவு எளிதல்ல. பழைய சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்து நின்றுவிடும், பனியை வெளியே வீசுகிற குழாய்க்குள் இருந்த பனி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

நொடிக்கு 14 மீட்டரில் கிளம்பிய பனி, காற்றுத் தடை இல்லை என்று வைத்தால் 20 மீட்டர் போகும். சுற்று 430க்கு இறங்கினால் 13 மீட்டர்தான். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்குத் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இன்னும் இறங்கினால் ஈரப்பனி வாயை விட்டு வெளியே வராமல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். பலர் ப்ளோயரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது குறைந்த சுற்றில் ஓட்டியதன் பலன்.

#7 பனிமலர்

இடையில் ஒரு கேள்வி. லோடரில் பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டுகிற ஹைட்ராலிக் ப்ளோயர் இருக்கிறதே? லோடரும் கழலாது, முன்னாலும் இருக்கும். இரண்டு பேருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடுமே?

#8 பொறிஞன்

நல்ல கேள்வி. தீராது. ஹைட்ராலிக் சக்தியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை அழுத்தத்தின் பார் அளவால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட். இந்த அளவு டிராக்டரில் 25 லிட்டர், 170 பார் என்று வைத்தால் 7 கிலோவாட். மோட்டாருக்குள் போகும் இழப்பு வேறு. பி.டி.ஓ.வில் கிடைக்கும் 14இல் பாதிதான் கைக்கு வருகிறது. அந்த ப்ளோயர்கள் ஸ்கிட் ஸ்டியர் என்கிற சின்ன லோடர் வண்டிகளுக்காகச் செய்தவை, அந்த வண்டிகளில் எண்ணெய் ஓட்டம் இரண்டு மூன்று மடங்கு. பின் பி.டி.ஓ.வில் தனி பம்பும் எண்ணெய்த் தொட்டியும் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது தனிச் செலவு, தனி எடை, தனிப் பராமரிப்பு.

#9 மேட்டுக்காடு

சரளை என்று சொன்னவுடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன். நானும் சரளைக்காரன்தான்.

முதலில், இரண்டு கட்ட ப்ளோயர் மட்டும் பாருங்கள். ஒரு கட்ட மாடலில் முன்னால் சுற்றுகிற திருகு அலகே வேகமாகச் சுற்றிப் பனியை எறியும். தரையில் இருக்கிற கல்லையும் அதே வேகத்தில் எறியும். இரண்டு கட்டத்தில் திருகு மெதுவாகச் சுற்றிப் பனியை நடுவுக்குக் கொண்டுவரும், பின்னால் இருக்கிற விசிறி எறியும். கல் வராது என்று சொல்ல மாட்டேன். குறைவாக வரும்.

அடுத்தது சறுக்குக் கட்டை. ப்ளோயரின் இரண்டு பக்கமும் செருப்பு மாதிரி இருக்கும். புதிதாக வருகிறபோது அநேகமாகக் கீழ் விளிம்பு தரையைத் தொடுகிற மாதிரிதான் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, விளிம்பு தரையிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் மேலே நிற்கிற மாதிரி இறக்கிவிடுங்கள். சமதரையில் பலகைத் துண்டு ஒன்றை விளிம்புக்கடியில் வைத்து, கட்டையைத் தரையில் உட்காரவிட்டு இறுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும். கண்ணால் பார்த்து இறுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்து, அந்த மூலை சரளையைத் தோண்டிக்கொண்டே போகும்.

கடைசியாக, பொறுமை. முதல் இரண்டு மூன்று பனியை எடுக்காதீர்கள். அதன் மேல் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்து விடுங்கள். இரவுக் குளிரில் அது சரளையோடு சேர்ந்து இறுகி ஒரு தளம் ஆகிவிடும். அதற்கப்புறம் சிமெண்ட் தரையில் ஓட்டுகிற மாதிரி ஓட்டலாம். பனி உருகுகிற வாரத்தில் மட்டும் மறுபடி கவனம் வேண்டும், தளம் இளகிக் கல் மேலே வந்துவிடும்.

எறிகிற திசையில் ஜன்னலோ வண்டியோ ஆளோ இருக்கக் கூடாது. குழாயின் வாய் மூடியை எப்போதும் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள்.

#10 இரும்புக்கை

மேட்டுக்காடு சொன்னதோடு ஷியர் போல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருகு அலகு எதிலாவது சிக்கினால் முதலில் உடைய வேண்டியது அந்தப் போல்ட். அதற்காகவே மென்மையான இரும்பில் செய்திருப்பார்கள். என் மூன்றாவது குளிர்காலத்தில் கையிருப்பு தீர்ந்து, பட்டறையில் கிடந்த கெட்டிப் போல்ட் ஒன்றைப் போட்டேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. நான்கு நாள் கழித்துப் பனிக்குள் புதைந்திருந்த விறகுக்கட்டை ஒன்று திருகில் மாட்டியது. போல்ட் உடையவில்லை. கியர் பாக்ஸ் ஓடு விரிந்து, பனி மேல் கறுப்பாக எண்ணெய் ஒழுகியது. இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கியர் பாக்ஸ் வந்து சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் மண்வெட்டிதான்.

கையேட்டில் போட்டிருக்கிற தரம், அதே போல்ட், பத்து வாங்கி டிராக்டரின் பெட்டியிலேயே வையுங்கள். கூடவே இரண்டு ஸ்பானர், உடைந்த துண்டைத் தட்டி எடுக்க ஒரு ஆணி, சின்னச் சுத்தி. இருட்டில், காற்றில், கையுறையோடு அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதை எல்லோரும் படிக்க வேண்டும். குழாய் அடைத்தால் கையை விடாதீர்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, விசிறி முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்து, அப்புறமும் ஒரு கம்பால்தான் குத்த வேண்டும். எனக்கு நெருங்கிய ஒருவர் இரண்டு விரலை இழந்தார். விசிறி நின்றுவிட்டது என்று நினைத்தேன் என்றுதான் அவரும் சொன்னார். ஷாஃப்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கழுத்தில் சுற்றிய மப்ளரின் நுனி ஒன்று சிக்கினால் போதும்.

#11 வடதிசை

அண்ணா சொன்ன கடைசிப் பத்திக்கு என் கையெழுத்தும்.

டயர் பற்றி யாரும் சொல்லவில்லை. சரளைப்பாதை, உங்கள் டயர் அகலமான கட்டை பட்டன் வைத்த இண்டஸ்ட்ரியல் டயராக இருந்தால், இறுகிய பனியில் அது வழுக்கும். புல்தரை டயர் கூட அதை விட நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் அதில் விளிம்புகள் அதிகம். 40 மீட்டர் சரிவு என்கிறீர்கள். பின் டயரைச் சுற்றிக் கட்டுகிற பனிச் செயின் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். வாங்குவதற்கு முன் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் லோடர் சட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். என் முதல் செயின் ஹைட்ராலிக் குழாய் ஒன்றை உரசி அறுத்தது.

பின் ப்ளோயர் எடுத்தால் லோடரைக் கழற்றாமல் வைத்திருங்கள். ப்ளோயரைத் தூக்கியபடி போகும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. லோடரின் எடை அதைச் சரிசெய்யும். முகப்பில் விழுகிற வரப்பையும் பக்கெட்டால் முதலில் உடைத்துவிடலாம். சாலை வண்டி தள்ளிவிட்ட பனி இடித்து இறுகினது, ப்ளோயருக்கு அதைவிடக் கஷ்டமான தீனி இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பார்த்தால், லோடர் தினமும் வேண்டும் என்கிற ஆளுக்கு நானே பின் ப்ளோயரைத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது. கழுத்து ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

#12 தனிவழி

முன்னோக்கி ஓட்டியே பின்னால் வீசுகிற மாடலும் இருக்கிறது. ப்ளோயரின் வாய் டிராக்டரைப் பார்த்திருக்கும், இழுத்துக்கொண்டு போக வேண்டும். கழுத்துக்கு நல்லது. ஆனால் டயர் முதலில் பனியை மிதித்துவிடுகிறது, அந்த இரண்டு தடத்தையும் ப்ளோயர் முழுசாகச் சுரண்டாது. வண்டியின் வயிறு தட்டுகிற ஆழத்துக்குப் பனி வந்தால் போகவே முடியாது. பெரிய டிராக்டர்காரர்களுக்குப் பொருந்தும். 25 குதிரைத்திறனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

#13 பொறிஞன்

என்ஜின் சக்தி பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவுக்கு வருகிற ஒரு சங்கதி. 1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிகார்ட் தன் ஸ்னோ ப்ளோயரைக் கட்டியபோது, லாரியை ஓட்ட ஒரு என்ஜின், பனியை வீச இன்னொரு என்ஜின் என்று தனித்தனியாக வைத்தார். நகர்வதும் வீசுவதும் ஒரே என்ஜினைப் பங்குபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கண்ட வழி அது. நம்மிடம் இருப்பது ஒரே என்ஜின். சரிவில் மேலேறியபடி வீசினால் சக்கரமும் விசிறியும் அதே 25ஐப் பிடித்து இழுக்கும். முடிந்தவரை சரிவில் இறங்கும்போது வீசுங்கள், ஏறும்போது தூக்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் பாதை வீட்டிலிருந்து சாலைக்கு இறங்குகிறது, பின்னோக்கி இறங்கிக்கொண்டே வீசலாம். பொருத்தமான அமைப்பு.

#14 சரளைப்பாதை

எல்லோருக்கும் நன்றி. பின் ப்ளோயர், 152 சென்டிமீட்டர், இரண்டு கட்டம் என்று முடிவு. ஒன்று பழையது கிடைக்கும் போலிருக்கிறது, நாலு குளிர்காலம் ஓடியது. குழாயைத் திருப்புவது கைப்பிடியால். பார்க்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#15 இரும்புக்கை

விசிறியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போயிற்று. விசிறி இதழுக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று சுற்றி வரப் பாருங்கள். ஒரு பக்கம் உரசிய தடம் பளபளவென்று இருந்தால் உள்ளே கல் போயிருக்கிறது. அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் ஈரப்பனி வழுக்கிப் பின்வாங்கும், ரப்பர் பட்டை வைத்துச் சரிசெய்யலாம். திருகின் விளிம்பு வளைந்திருக்கிறதா, கீழ் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ப்ளோயரை ஓட்டும் செயின் தளர்ந்திருக்கிறதா. கியர் பாக்ஸ் எண்ணெயைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஷியர் போல்ட் இருக்கிற இடத்தில் என்ன போல்ட் போட்டிருக்கிறார் என்று பாருங்கள், விற்கிறவர் வண்டியை எப்படி நடத்தினார் என்பது அதில் தெரிந்துவிடும்.

#16 வடதிசை

கைப்பிடியால் திருப்புவது பின்னோக்கி ஓட்டும்போது மூன்றாவது கை வேண்டிய வேலை. உங்கள் டிராக்டரில் பின்பக்க ஹைட்ராலிக் இணைப்பு இருந்தால் அதில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மின் மோட்டார். காற்று திசை மாறும் ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டும். கேபின் இல்லாத வண்டியில் எதிர்க்காற்றுக்கு வீசினால் அத்தனையும் முகத்தில் வந்து விழும்.

#17 பொறிஞன்

பி.டி.ஓ. ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அது வேறொரு டிராக்டருக்கு வெட்டிய நீளம். ப்ளோயரை மெதுவாக மேலே ஏற்றிக் கீழே இறக்கி, இரண்டு முனையும் மிக நெருங்குகிற நிலையைக் கண்டுபிடியுங்கள். அந்த நிலையில் ஷாஃப்டின் உள்குழல் வெளிக்குழலுக்குள் முட்டக் கூடாது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் தள்ளுவிசை நேரே டிராக்டரின் பேரிங்குக்குப் போகும். மிக விலகுகிற நிலையில் குழல்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். ஓடும்போது ப்ளோயரை உயரத் தூக்காதீர்கள், மூட்டு கடகடவென்று அடிக்கும். நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

#18 சரளைப்பாதை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பார்த்த பழைய ப்ளோயரையே வாங்கினேன். எண்ணெய் சுத்தம், பேரிங் கெட்டி, ஷியர் போல்ட்டும் சரியான தரம். ஷாஃப்ட் 6 சென்டிமீட்டர் நீளமாக இருந்தது, வெட்டினேன். குழாய்க்கு மின் மோட்டார் மாட்டினேன். சறுக்குக் கட்டையை மேட்டுக்காடு சொன்னபடி பலகை வைத்து 4 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். பின் டயருக்குச் செயின்.

முதல் இரண்டு பனியை மிதித்துவிட்டேன். மூன்றாவது 25 சென்டிமீட்டர், பொடி. என்ஜினை முழுச் சுற்றில் வைத்து நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வீசிக்கொண்டே இறங்கினேன். மூன்று நடை, நாற்பது நிமிடம். பனி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஓரத்தில் சுவர் என்று ஒன்று எழவே இல்லை.

நேற்று வந்ததுதான் சோதனை. மழையும் பனியுமாகக் கலந்து, மண்வெட்டியில் எடுத்தால் தொங்குகிற மாதிரி ஈரம். மிதிப்பலகையை லேசாகத் தொட்டபடி, ஊர்ந்து ஊர்ந்து போனேன். என்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கினால் உடனே காலை எடுத்துவிடுவேன், சத்தம் திரும்ப ஏறும், மறுபடி தொடுவேன். பத்து நிமிடத்தில் கால் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது. குழாய் அடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. கழுத்து வலிக்கிறது, வடதிசை சொன்னது உண்மை.

ஷியர் போல்ட் இரண்டு போயிற்று. இரண்டும் முகப்பில், ஒரே இடத்தில். பனிக்கடியில் பாதை ஓரத்துக் கல் இருக்கிறது போல.

#19 மேட்டுக்காடு

நல்ல செய்தி. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நடுங்கள், தலைக்கு மேல் உயரம், நுனியில் சிவப்புத் துணி. தரை இறுகியிருந்தால் இரும்புக் கம்பியால் துளை போட்டுவிட்டு நடலாம். அடுத்த வருடம் குளிர் வருவதற்கு முன்பே பாதை நெடுகப் பத்து மீட்டருக்கு ஒன்று.

நிறுத்தும்போது ப்ளோயரைக் கொஞ்ச நேரம் காலியாக ஓடவிட்டு உள்ளே ஒட்டியதை வெளியேற்றுங்கள். அப்புறம் பலகை மேல் இறக்குங்கள். நேரே தரையில் இறக்கினால் காலையில் சறுக்குக் கட்டை தரையோடு உறைந்து கிடக்கும்.

#20 சரளைப்பாதை

பலகை போட்டாயிற்று. கம்பும் நட்டாயிற்று. அம்மாவின் பழைய சிவப்புச் சால்வையில் ஒரு துண்டு, ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.